மொட்டைமாடி ஆன்டெனாவுக்கு எர்த் எங்கே கொடுப்பது?

தென்காசி மாவட்டம் புளியரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மொட்டைமாடிப் படிக்கூண்டிலிருந்து பின்னால் நிற்கும் தென்னை வரைக்கும் 20 மீட்டர் செம்புக் கம்பி கட்டி, அதன் நுனியை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து, கையடக்க டிஜிட்டல் ரேடியோவில் சொருகியிருக்கிறார். கம்பி வந்தபிறகு நிலையங்கள் கூடின, அதைவிட அதிகமாக இரைச்சல் கூடியது. ரேடியோவுக்கு எர்த் வேண்டும் என்று யாரோ சொல்ல, சுவரில் இருக்கும் த்ரீ பின் சாக்கெட்டின் பெரிய துளையில் ஒரு ஒயரைச் சொருகினால் இரைச்சல் போகுமா, இடி மின்னலுக்கும் அதுவே காப்பாகுமா, அதுவும் இல்லையென்றால் கேபிள் டிவி ஒயரின் வெளிவலையோடு சேர்த்துவிடலாமா என்று மூன்று கேள்வி.

த்ரீ பின்னில் கொடுத்தால் இரைச்சல் பெரும்பாலும் கூடும், மின்னலுக்கு அது காப்பு இல்லை. கேபிள் டிவியைக் கடைசியில் சொல்கிறேன்.

ஏன் என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் நீங்களே செய்துவிடுவீர்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். ஒற்றைக் கம்பி ஆன்டெனா தனியாக வேலை செய்யாது. மேலே கட்டிய கம்பியில் வரும் சின்ன மின்னோட்டம் ரேடியோவுக்குள் புகுந்து வேறொரு பக்கம் வெளியே போகவேண்டும், அந்த வேறொரு பக்கம்தான் ஆன்டெனாவின் மறுபாதி. நீங்கள் நல்ல மண் எர்த் கொடுக்காவிட்டால் ரேடியோ தனக்குக் கிடைத்ததை மறுபாதியாக எடுத்துக்கொள்ளும். சார்ஜர் சொருகியிருந்தால் சார்ஜரின் ஒயர், அதன் வழியாக வீட்டு ஒயரிங் முழுவதும், பேட்டரியில் ஓடினால் அதைப் பிடித்திருக்கும் உங்கள் கை. வீட்டு ஒயரிங்கில் எல்இடி பல்ப், இன்வெர்ட்டர், செட்டாப் பாக்ஸ், வைஃபை பெட்டியின் அடாப்டர், மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் எல்லாம் கொட்டும் குப்பை ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆன்டெனாவில் ஒரு பாதி மாடியிலும் மறுபாதி அந்தக் குப்பைக்குள்ளும் இருந்தால் காதில் என்ன கேட்கும்? த்ரீ பின்னின் எர்த் துளை என்பது அதே ஒயரிங்கோடு ஒரே பைப்பில் வீடு முழுக்கச் சுற்றிவரும் பச்சை ஒயர்தான். அதில் கொடுப்பது குப்பையோடு நேராகக் கைகோக்கிற வேலை.

இன்னொன்று, தூரம். எர்த் ஒயர் நீளமாக இருந்தால் அது வானொலி அலைக்கு எர்த்தாகவே தெரியாது. சிற்றலையில் 7 மெகாஹெர்ட்ஸில், அதாவது 41 மீட்டர் பட்டைப் பக்கம், கால் அலைநீளம் சுமார் 10 மீட்டர். மாடி அறையிலிருந்து ஒயர் சுவரெல்லாம் வளைந்து இறங்கி எர்த் குழிக்குப் போக 10 மீட்டர் ஆகிவிட்டால், அந்தப் பட்டையில் உங்கள் ரேடியோவின் எர்த் முனை கிட்டத்தட்ட ஒன்றோடும் சேராத மாதிரிதான் நடந்துகொள்ளும். மீட்டரை வைத்து அளந்தால் அரை ஓம் காட்டும், ஆனால் அது நேர்மின்னோட்டத்துக்கு. இந்த இடத்தில்தான் எலக்ட்ரீஷியன் சொல்வதும் ரேடியோக்காரர் சொல்வதும் முட்டிக்கொள்ளும், இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே இருக்கும். எலக்ட்ரீஷியன் பார்ப்பது கிரைண்டரில் கசிவு வந்தால் ஆள் சாகாமல் இருக்கும் எர்த். மின்னலுக்கு வேண்டியது வேறு, இரைச்சல் குறைய வேண்டியது வேறு. ஒரே கம்பியில் மூன்றையும் முடித்துவிடப் பார்ப்பதால்தான் ஒன்றும் ஒழுங்காக நடப்பதில்லை.

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள், காசு செலவில்லாதது. ரேடியோவைப் பேட்டரியில் ஓடவிட்டு, கம்பியையும் சொருகி, வீட்டு மெயின் ஸ்விட்சை இறக்குங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணையுங்கள், அது மெயின் போன பிறகுதான் அதிகமாகக் கத்தும். இரைச்சல் சட்டென்று விழுந்தால் திருடன் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான், ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக இருக்கும் எம்சிபி ஸ்விட்சை ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தால் எந்த அறை என்று தெரிந்துவிடும். விலை மலிவான எல்இடி பல்பும் பெயரில்லாத மொபைல் சார்ஜரும்தான் பெரும்பாலும் மாட்டும். இரண்டையும் மாற்றினாலே பாதித் தொல்லை தீரலாம், எர்த் பக்கமே போகவேண்டாம்.

மெயினை இறக்கியும் போகவில்லையா, அப்போது வெளியே. நம் பக்கம் மலையடிவாரத் தோட்டங்களில் பன்றிக்கும் யானைக்கும் சோலார் வேலி போட்டிருக்கிறார்கள், அதன் பெட்டி ஏறக்குறைய நொடிக்கு ஒரு தடவை துடிப்பு அனுப்பும். ரேடியோவில் டிக், டிக் என்று கடிகாரம் மாதிரி கேட்டால் அதுதான். வேலி நன்றாக இருந்தால் இவ்வளவு கேட்காது, செடிகொடி வளர்ந்து கம்பியில் உரசி பொறி பறந்தால்தான் இப்படி. தோட்டக்காரரிடம் சொல்லி வேலியோரத்தை வெட்டச் சொல்லுங்கள், அவருக்கும் நல்லது, வேலியில் கரண்ட் இறங்கிப் போகாது. இதற்கு நீங்கள் வீட்டில் எத்தனை எர்த் அடித்தாலும் பிரயோஜனம் இல்லை.

சரி, இனி ஆன்டெனாவுக்கு வருவோம். ஜன்னல் வழியாகக் கம்பியின் நுனியையே வீட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறீர்கள் அல்லவா, அதை முதலில் மாற்றவேண்டும். உள்ளே வரும் அந்தக் கடைசி மூன்று நான்கு மீட்டரும் ஆன்டெனாதான், அது குப்பை நடுவே நிற்கும் ஆன்டெனா. கம்பி வீட்டுக்கு வெளியிலேயே முடியட்டும், முடிந்தால் வீட்டிலிருந்து தள்ளி, தென்னைப் பக்கத்து முனையில் தரைக்கு இறங்கட்டும். அங்கிருந்து ரேடியோ வரை கோஆக்சியல் கேபிள், அதாவது நடுவே ஒரு கம்பியும் அதைச் சுற்றி வெளிவலையும் உள்ள கேபிள். பொழுதுபோக்காக ரேடியோவில் பேசிக்கொள்ளும் ஹாம்காரர்கள் 50 ஓம் கேபிள்தான் வேண்டும் என்பார்கள், அனுப்புகிறவர்களுக்கு அது முக்கியம். கேட்பதற்கு டிஷ் டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 கேபிள் தாராளமாகப் போதும், தென்காசியில் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும்.

கம்பியையும் கேபிளையும் நேராக முடிச்சுப் போட்டால் பொருந்தாது. இப்படிப்பட்ட கம்பியின் மின்மறுப்பு, அதாவது மாறும் மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, அலைவரிசைக்குத் தக்கபடி நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரக்கணக்கான ஓம் வரை போகும், கேபிள் 75 ஓம். நடுவே ஒன்பதுக்கு ஒன்று என்கிற சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வைப்பது வழக்கம். சுற்று எண்ணிக்கை மூன்றுக்கு ஒன்று இருந்தால் மின்மறுப்பு ஒன்பதுக்கு ஒன்று. ஆன்லைனில் வாங்கலாம், ஆனால் விற்பதில் பலவற்றில் இரண்டு சுருளும் உள்ளேயே ஒன்றாகச் சேர்ந்திருக்கும், நமக்கு வேண்டியது தனித்தனியாக இருப்பது. நீங்களே சுற்றுவது மேல். பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையைப் பிரித்தால் 230 வோல்ட் உள்ளே வரும் பக்கத்தில் இரண்டு சுருள் சுற்றிய கறுப்பு அல்லது பச்சை வளையம் ஒன்று இருக்கும், ஃபெரைட் என்ற காந்தப் பொருளால் ஆன அந்த வளையம் மத்திய அலைக்கு அருமையாக வேலை செய்யும். அதே பலகையில் மஞ்சளும் வெள்ளையும் பூசிய வளையமும் கிடக்கும், அதைத் தொடாதீர்கள், அது இரும்புத்தூள், இந்த வேலைக்கு ஆகாது. வளையத்தின் ஒரு பாதியில் 15 சுற்று, எதிர்ப் பாதியில் 5 சுற்று. 15 சுற்றின் ஒரு முனை ஆன்டெனாக் கம்பிக்கு, மறுமுனை தென்னையடி மண்ணில் அடிக்கும் எர்த் ராடுக்கு, அதாவது உலோகக் கம்பிக்கு. 5 சுற்றின் ஒரு முனை கேபிளின் நடுக்கம்பிக்கு, மறுமுனை அதன் வெளிவலைக்கு. இரண்டு சுருளுக்கும் உலோகத் தொடர்பே இருக்கக்கூடாது. ஒரு பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸில் வைத்து, கேபிள் வரும் ஓட்டை கீழே பார்க்கிற மாதிரி மாட்டுங்கள், சாரல் காலத்தில் மேலோட்டையில் தண்ணீர் இறங்கிவிடும்.

இப்போது என்ன நடக்கிறது பாருங்கள். ஆன்டெனாவின் மறுபாதி தென்னையடியில் இருக்கும் மண், வீட்டு ஒயரிங் அல்ல. வீட்டுக் குப்பை கேபிளின் வெளிவலை வழியாக ஆன்டெனாவுக்கு ஏறிப்போகப் பார்த்தாலும் இரண்டு சுருளுக்கு நடுவில் வழி அறுந்து நிற்கிறது. அதோடு கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், வெளிச்சுவரோரம், இன்னொரு ராடு அடித்து வெளிவலையை அதில் கொடுத்தால் குப்பை அங்கேயே மண்ணுக்குப் போகும். மேலும் குறைய வேண்டுமானால் கேபிளை ஒரு பெரிய ஃபெரைட் வளையத்தில் ஏழெட்டுச் சுற்று சுற்றுங்கள். ஆக, இரைச்சலைக் குறைப்பதில் ராடு எவ்வளவு ஆழம் என்பதைவிட அது எங்கே நிற்கிறது, எதோடு சேராமல் நிற்கிறது என்பதுதான் பெரிய விஷயம்.

ஆன்டெனாவில் சேரும் நிலைமின்னுக்கும் இதே டிரான்ஸ்ஃபார்மர் மருந்து. காய்ந்த காற்று அடிக்கும்போதும், மழைமேகம் தலைக்கு மேல் நிற்கும்போதும் கம்பியில் மின்னேற்றம் மெல்ல மெல்லச் சேரும், ரேடியோவின் முதல் டிரான்சிஸ்டரைச் சத்தமில்லாமல் கொல்வது பல நேரம் இதுதான், இடி அல்ல. 15 சுற்றுச் சுருள் வழியாகக் கம்பி நேராக எர்த்தோடு சேர்ந்திருப்பதால் ஏற்றம் சேரவே சேராது. பைக் ஸ்பார்க் பிளக்கை ஆன்டெனாவுக்கும் எர்த்துக்கும் நடுவே போடும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. அதன் இடைவெளி அரை மில்லிமீட்டருக்கு மேல், அதில் பொறி தாண்ட இரண்டாயிரம் வோல்ட் பக்கம் வேண்டும். பழைய வால்வ் ரேடியோ செட் அதைத் தாங்கியிருக்கலாம், இன்றைய ரேடியோ அதற்குள் போய்ச் சேர்ந்திருக்கும். 90 வோல்ட்டில் எர்த்துக்கு வழி திறக்கும் கேஸ் டிஸ்சார்ஜ் டியூப் (வாயு அடைத்த சின்னக் குழாய்) போடுவது மேல்.

எர்த் ராடு அடிக்கும் கதையை இனிச் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் மண் லேசுப்பட்டது அல்ல. மலையடிவாரத்தில் பல இடங்களில் மூன்று அடிக்குக் கீழே பாறை, மேலே சரளை கலந்த செம்மண். ஓர் உத்தேசக் கணக்கு: மண்ணின் தடைத்திறனை ராடின் நீளத்தால் வகுத்தால் ராடின் எர்த் தடை கிடைக்கும். ஈரமான நல்ல மண் 100 ஓம் மீட்டர் என்று வைத்தால் 2.5 மீட்டர் ராடுக்கு 40 ஓம். காய்ந்த சரளையில் தடைத்திறன் 1000 ஓம் மீட்டரைத் தாண்டிவிடும், அதே ராடு 400 ஓம். அதனால் இடம் பார்த்து அடியுங்கள். குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகும் வாழை மூடு இருக்கிறதே, வீட்டைச் சுற்றி அதைவிட நல்ல எர்த் இடம் கிடையாது, சித்திரை வெயிலிலும் ஈரம் இருக்கும். கரியும் உப்பும் போடுவது ஐ.எஸ். 3043 என்ற இந்தியத் தரக்குறிப்பிலேயே உள்ள பழைய முறைதான், கரி ஈரத்தைப் பிடித்துவைக்கும். ஆனால் உப்பு நம் மழைக்குக் கரைந்து ஓடிவிடும், இருக்கும் வரை ஜி.ஐ. பைப்பை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்பை, அரிக்கும். நான் உப்பு போடமாட்டேன். செம்பு பூசிய ராடு, செம்புக் கம்பி, நல்ல கிளாம்ப், இவ்வளவுதான். ஜி.ஐ. பைப்பில் செம்புக் கம்பியை நேராகச் சுற்றினால் ஈரத்தில் செம்போடு சேர்ந்த இடத்தில் ஜி.ஐ. அரித்துப் போய்விடும், வருடம் ஒருமுறையாவது பிரித்துப் பாருங்கள்.

பாறை தட்டினால் விடுங்கள், மல்லுக்கட்ட வேண்டாம். அரை அடி ஆழத்தில் வாய்க்கால் மாதிரி கீறி, ஆன்டெனாவுக்கு நேர் கீழே ஒன்று, அப்புறம் வெவ்வேறு திசையில் இரண்டு மூன்று என்று ஐந்து முதல் பத்து மீட்டர் செம்பு ஒயரைப் புதைத்து, எல்லா நுனியையும் ராடுக்குப் போகவேண்டிய அந்த முனையில் சேர்த்துவிடுங்கள். வானொலி அலைக்கு இது ஒற்றை ராடைவிட நல்ல எர்த். வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய ஒயர்த் துண்டுகள் போதும், மேலே பிளாஸ்டிக் உறை இருந்தாலும் பாதகமில்லை.

எர்த் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, பேஸ் ஒயரிலிருந்து ராடுக்கு 100 வாட் பல்பு போட்டு எரிகிறதா பார்ப்பவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். ராடைச் சுற்றியுள்ள ஈரத்தரையில் மின்னழுத்தம் பரவும், பக்கத்தில் வெறுங்காலோடு நிற்பவருக்கு அடிக்கும். வீட்டில் கசிவு வந்தால் கரண்டை நிறுத்தும் ஆர்சிசிபி ஸ்விட்ச் இருந்தால் அது உடனே விழுந்து உங்களைக் காப்பாற்றும், பழைய வீட்டில் அதுவும் இருக்காது. நியூட்ரலை எர்த்தாகப் பயன்படுத்துவதோ கேட்கவே வேண்டாம், கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் உங்கள் ரேடியோவே பேஸ்.

மின்னல். இதில் யாரும் ஏமாற்றிக்கொள்ளக்கூடாது. நேராக விழும் மின்னலில் சாதாரணமாகவே 30,000 ஆம்பியர் பக்கம் ஓடும், 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி அந்த நொடியில் உருகியே போகலாம், எந்த ராடும் டியூபும் ரேடியோவைக் காக்காது. எர்த் காப்பது பக்கத்தில் எங்கோ விழும் மின்னலின் தூண்டலிலிருந்து. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. தூண்டலில் ஆயிரம் ஆம்பியர் உங்கள் 50 ஓம் ராடில் இறங்குகிறது என்று வையுங்கள், ராடு ஒரு கணம் 50,000 வோல்ட்டுக்கு எழும். அதே நேரத்தில் வீட்டு எர்த் வேறோர் அழுத்தத்தில் நிற்கும். ரேடியோ சார்ஜரில் சொருகி, ஆன்டெனாக் கேபிளிலும் சொருகி இருந்தால் இரண்டு எர்த்துக்கும் பாலம் அதுதான், உருகுவதும் அதுதான். கரண்டில் ஓடும் கம்யூனிகேஷன் ரிசீவர், கம்ப்யூட்டரோடு சேர்ந்த எஸ்டிஆர் (மென்பொருளில் இயங்கும் ரேடியோ) வைத்திருப்பவர்கள் சுவரோரம் இருக்கும் நுழைவு ராடையும் வீட்டு எர்த் குழியையும் 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியால், வெளிப்பக்கமாக, கூர்மையான வளைவு இல்லாமல் சேர்த்தே ஆகவேண்டும். அதனால் கொஞ்சம் இரைச்சல் திரும்பினாலும் பரவாயில்லை, ஃபெரைட் வளையத்தைக் கூட்டிக்கொள்ளலாம். உங்களை மாதிரி பேட்டரி ரேடியோவில் கேட்டு, கேட்டு முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடுகிறவருக்கு அந்த இணைப்பு அவசியம் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் கழற்றுவது நிச்சயமாக நடக்கவேண்டும்.

கழற்றுவது என்றால் ஜன்னலுக்கு வெளியே. ரேடியோவிலிருந்து பிடுங்கி மேசைமேல் போடுவது கழற்றல் அல்ல, கேபிள் நுனி அறைக்குள் இருக்கிறதே. வெளிச்சுவரில் ஒரு இணைப்பு வைத்து அங்கே பிரித்து, ஆன்டெனாப் பக்கத்தை எர்த்தோடு சேர்த்துவிடுங்கள். நமக்குக் குற்றாலச் சாரல் மாதங்களில் இடி குறைவு. பங்குனி சித்திரையிலிருந்து வைகாசி வரைக்கும், மறுபடி ஐப்பசி கார்த்திகையிலும், மதியத்துக்குப் பிறகு மலைமேல் கறுத்துவரும் மழைதான் ஆபத்து, மலைக்கு அந்தப் பக்கம் தென்மலை, புனலூரில் இன்னும் மோசம். மத்திய அலையில் படபடவென்று வெடிப்புச் சத்தம் கூடுகிறதா, அப்போதே பிரித்துவிடுங்கள். காதில் இடி கேட்டுவிட்டால் அதன்பிறகு மாடிக்கோ தென்னையடிக்கோ போகாதீர்கள். ரேடியோ போனால் போகட்டும்.

கம்பி கட்டியதைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஆடிக் காற்றில் தென்னை ஆடும் ஆட்டத்துக்கு இறுக்கிக் கட்டிய கம்பி தாங்காது, தென்னைப் பக்கம் ஒரு கப்பி வைத்து, கயிற்றின் நுனியில் கல் போட்ட பெயிண்ட் வாளியைத் தொங்கவிடுங்கள், மரம் சாயும்போது வாளி ஏறி இறங்கும். கம்பி எந்த முனையில் அறுந்து எப்படி வீசினாலும் மின்வாரியக் கம்பியைத் தொடாத இடமாக இருக்கவேண்டும், இதில் மட்டும் சமாதானமே கிடையாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல கையடக்க ரேடியோக்களில் வெளி ஆன்டெனாத் துளை சிற்றலைக்கு மட்டும்தான், மத்திய அலையை உள்ளே இருக்கும் ஃபெரைட் குச்சிதான் பிடிக்கும். உங்களுக்கு வேண்டியது திருவனந்தபுரம் 1161, திருநெல்வேலி 1197, தூத்துக்குடி 1053 கிலோஹெர்ட்ஸ் மாதிரி மத்திய அலை என்றால் துளையில் சொருகிப் பயன் இல்லாமல் போகலாம். கேபிளின் உள்முனையில் நடுக்கம்பிக்கும் வெளிவலைக்கும் நடுவே ஐந்தாறு சுற்று ஒயரைச் சேர்த்து, அந்தச் சுருளை ரேடியோவைச் சுற்றி, குச்சி இருக்கும் பக்கமாக வையுங்கள், தொடாமலே ஏறும். அதற்கும் முன்னால் ரேடியோவை மெல்லத் திருப்பிப் பாருங்கள், குச்சியின் நுனி இரைச்சல் வரும் திசையை நோக்கும்போது இரைச்சல் பள்ளத்தில் விழும். பல வீட்டில் கம்பியே வேண்டியிருக்காது.

யாராவது பழைய வால்வ் செட்டை எடுத்து இதே மாதிரி எர்த் கொடுக்க நினைத்தால் நில்லுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏசி/டிசி செட்டுகளில் உள்ளே இருக்கும் உலோகச் சட்டமான சேசிஸே நேராகக் கரண்டில் இருக்கும். அதில் எர்த் ஒயரைத் தொடுத்தால் பிளக் எந்தப் பக்கம் சொருகியிருக்கிறது என்பதைப் பொறுத்து ஒன்று ஃபியூஸ் போகும், இல்லை ஆளுக்கு ஆபத்து.

கேபிள் டிவி ஒயர். அதன் வெளிவலை கம்பத்துக்குக் கம்பம் ஆம்ப்ளிஃபயர் வழியாகத் தெரு முழுக்க ஓடுகிறது, ஒவ்வொரு வீட்டு டிவியிலிருந்தும் செட்டாப் பாக்ஸிலிருந்தும் கசிவு அதில் சேருகிறது, அதைத் தொட்டுச் சுருக்கென்று வாங்கியவர்கள் நம் தெருவிலேயே இருப்பார்கள். அது எர்த் அல்ல, ஊரே பகிர்ந்துகொள்ளும் ஒரு நீளமான ஆன்டெனா. உங்கள் ராடையோ கேபிளையோ அதன் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள், சுவரில் இறக்கும்போதும் இரண்டு அடியாவது தள்ளி இறக்குங்கள்.